கற்குவையும் கடற்றுறையும்

(ஏற்காட்டில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களினூடே குவியலாய்க் கிடக்கும் கற்களை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். பெருங்கற்களை வட்டமாக நட்டு, இடையே சிறுகற்களைக் குவித்து, அடியிற் பலகைக் கற்களால் அறை வகுத்து, இறந்தாரின் எலும்புகளை மட்கலங்களோடும் இரும்புக் கருவிகளோடும் இட்டு வைக்கும் வழக்கம் நம் நாட்டில் பண்டு இருந்தது. பாமர மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடென்பர்; குள்ளர் வீடென்பாரும் உளர். பண்டை நூல்கள் பதுக்கை என வழங்கும். மணிமேகலையாசிரியர் காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டைக் கூறுமிடத்து, இறந்தாரை எரித்தல் முதலாகத் தாழியாற் கவித்தல் ஈறாக ஐவகை முறைகளை ஒருங்கே வைத்து எண்ணினார். மலைநாட்டு வழக்கும் கடற்கரைப் பட்டினத்து வழக்கும் தொடர்பற்றன அல்ல என்பதற்கு இஃதொன்றே போதிய குறிப்பாம்.

நிற்க. சென்ற ஆண்டுக் கூட்டத்தில் அன்பரொருவர், இக்கற்குவைகள் நம் குலத்து முன்னோர் கல்லறைகளே என்று நம் திங்களிதழில் வெளியிடல் வேண்டுமென மொழிந்தார். யாம் உடன்பட்டிலேம். அதனாற் சிலர் மனம் வருந்தினர் என அறிந்தோம். உடன்படாமைக்குரிய காரணத்தைக் கூறுதற்கே இன்று எழுந்தோம்.

இராபர்ட்டு புரூசு பூட் என்னும் நிலநூலறிஞர் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் பல்லாவரத்தில் பழங்கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தவர். பிற்காலத்தில் இவ்வேற்காட்டிலேயே வாழ்ந்த அவர், 1912-இல் கல்கத்தாவில் மறைந்தார். அவர் நினைவுக்கல் இங்குள்ள திரித்துவ ஆலயத்தில் உளது. இம்மலைச் சிற்றூர்களின் பிள்ளையார் கோயில்களில், தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகள் தெய்வத்தின் முன் வைக்கப்பட்டிருத்தலை அவர் கண்டார். மண்ணிற் கிடைத்த வழவழப்பான கல்லை, மக்கள் தெய்வத்தன்மை உடையதெனக் கருதிக் கொணர்ந்து வைத்தனர் போலும். அவ்வன்பினாற்றான் அவை அழியாது நின்றன. ஆயினும், அவை முதற்கண் எந்நிலத்தில், எவ்வாழத்தில், எப்பொருள்களோடு கிடந்தன என்பதைச் சொல்வார் எவருமிலர். பூட்டின் தொகுதியைச் சென்னைக் காட்சிசாலை 1904-இல் விலைக்குப் பெற்றது.

அதே காட்சிசாலையில் 1944-ஆம் ஆண்டு, தொல்பொருட்டுறைத் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் உரோமரின் மதுக்குடத் துண்டொன்றைக் கண்டார். அது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலிருந்து வந்தது. 1945-இல் அவர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு அரெசோ நகரத்துச் செந்நிறக் கலவோடுகள் நம் நாட்டுக் கலவோடுகளோடு கலந்து கிடந்தன. இத்தாலியக் கலத்தின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியென முன்னரே துணியப்பட்டிருந்தது. ஆகவே, அதனோடு கிடந்த நம்மவர் கலத்தின் காலமும் துணியப்பட்டது. ஈராண்டு கழித்து, மைசூர் நாட்டுப் பிரமகிரியில் அத்தகைய உள்நாட்டுக் கலவோடுகள் மேலடுக்கிலும், கல்லறைகளில் இடப்பெறும் கருப்புச்சிவப்புக் கலங்கள் அதற்குக் கீழும், மெருகிட்ட கற்கோடரிகள் அதனினும் கீழும் கிடைத்தன. இன்ன மக்கள் முந்தியவர், இன்னார் பிந்தியவர் என்னும் முறை அப்பொழுதுதான் தெளிவாயிற்று. கடற்றுறையில் உடைந்த ஓர் ஓடு, உள்நாட்டுக் கல்லறைக்குக் காலங் கூறிய விந்தையை நோக்குமின்!

வீலர் கொண்ட காலம் மிகப் பிந்தியதென்பது பின்னர்ப் புலனாயிற்று. நம் சேலம் மாவட்டத்து மாங்காட்டில், கல்லறை ஒன்றிற் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடைப்பட்டதெனக் கரிமக் கணிப்பால் அறியப்பட்டது. நொய்யற்கரைக் கொடுமணலில் ஒரே கல்லறையில் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. அவ்வூரிற் கடற்சங்கை அறுத்து வளையல் செய்தமைக்கும் சான்றுகள் உள. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள அவ்வூரிற் சங்கு விளையாதன்றோ!

இவற்றுள் யாண்டும் எலும்பின்மேற் குலப்பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. 1820-ஆம் ஆண்டினையடுத்துச் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்குக் காப்பிப் பயிரைப் புகுத்தினார். நம்மவரிற் பெரும்பாலார் அப்பயிரின் பின்னரே மலையேறினோம். நமக்கு நெடுங்காலம் முற்பட்ட மலையாளி மக்களும் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தோர் என்றே கூறுவர். அங்ஙனமாக, இக்கல்லறைகளுக்கு நாம் மட்டும் உரிமை கொண்டாடுதல் எவ்வாறு பொருந்தும்?

உரிமை பேசுதலினும் கொடியதொன்று உண்டு. சென்ற கோடையில் நம் மரபினர் ஒருவரது தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். எல்லைச் சுவர் எடுத்தற்பொருட்டுக் கற்குவை ஒன்றைக் கலைத்திருந்தார். அதனின்று எடுத்த கருப்புச்சிவப்புக் கலமொன்றைக் கழுவித் துடைத்து, அலமாரியில் வைத்து, மிக்க பெருமையோடு எமக்குக் காட்டினார். எலும்பு கிடந்ததோ என வினவினோம். மண்ணோடு வாரிக் கொட்டிவிட்டதாக ஆட்கள் கூறினர். அவர் நல்லவர்; நம் மாணவர் விடுதிக்கு ஆண்டுதோறும் பொருளுதவுபவர். ஆதலின் அவரைக் கடிந்துகொள்ள எமக்கு நா எழவில்லை. பூட் கண்ட கற்கோடரிகளுக்கு நேர்ந்ததே அக்கலத்திற்கும் நேர்ந்தது என்று மட்டும் எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

தோட்டமுடைய அன்பர்கள், தம் நிலத்துக் கற்குவை இருக்குமிடத்தையும் அளவையும் குறித்து எமக்கு ஒரு கடிதம் எழுதுவார்களாக. தோண்டுதல் வேண்டா, உள்ளே பொன்னிருக்கும் என்பார் சொல்லையும் நம்புதல் வேண்டா. தானாக வெளிப்பட்ட பொருளை எடாது, கிடந்த வண்ணமே விட்டுத் தொல்பொருட்டுறையினர்க்கு அறிவித்தால் அதுவே பேருதவி. முற்கூறிய அன்பரது தோட்டத்தில் இன்னும் மூன்று கல்வட்டங்கள் எஞ்சியுள்ளன. அவற்றை உட்படுத்தாது சுவரை வளைத்துக் கட்டுமாறு பணித்துள்ளதாக, முந்தைநாள் அவரிடமிருந்து எமக்குக் கடிதம் வந்தது.