மணற்கரையும் கல் தேடும் மீனும்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பேசுகிறேன்.

சென்னை கொளத்தூரில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் வண்ணமீன் கடைக்காரரிடம் "டேம்சல் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். நீலமாக ஒன்று, மஞ்சள் வால் ஒன்று, உடம்பில் கறுப்பு வரி ஓடுவது ஒன்று என்று காட்டுவார். ஆரஞ்சும் வெள்ளையுமான கோமாளி மீனும் இதே குடும்பம்தான். உலகம் முழுவதும் நானூறுக்கு மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நம் பக்கத்தில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று இவ்வளவு நீளக் கடல் இருக்கிறது. ஆனாலும் இந்த மீனைக் கூட்டமாகப் பார்க்க ஏன் மண்டபம், ராமேசுவரம் வரை போகவேண்டியிருக்கிறது? இதை விளங்கிக்கொள்ள மனிதர்களுக்கு இருநூறு வருடத்துக்கு மேல் ஆனது.

கதை பெர்லினில் தொடங்குகிறது. மார்கஸ் எலியேசர் பிளாக் ஒரு மருத்துவர். கடல் கடந்து எங்கும் போகாமலே உலகத்து மீன்களுக்கெல்லாம் பெயர் வைத்தவர். வரிபோட்ட டேம்சல் ஒன்றுக்கு 1787-ல் 'பெங்கால்' பெயரைச் சூட்டினார். அது வங்காளத்து மீன் மட்டுமல்ல. இந்துமாக்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரை வாழ்வது. அந்தக் காலத்தில் மீன் எந்த ஊரிலிருந்து வந்ததாகச் சொன்னார்களோ அந்த ஊர்தான் வரைபடத்தில் ஏறும். டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் நம் கரை மீன்களைப் பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நன்றிக்காக ஒரு மீன் இனத்தொகுதிக்கே 'ஜோனியஸ்' என்று பெயர்.

அடுத்து வந்தவர்களிலும் பாதிப்பேர் மருத்துவர்களே. விசாகப்பட்டினத்தில் கம்பெனி வேலையில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல், 1803-ல் இருநூறு மீன்களைப் படத்துடன் வெளியிட்டார். சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை 'இந்தியாவின் மீன்கள்' என்ற பெரும் நூலைக் கொண்டுவந்தார். இலங்கையில் இருந்த பென்னட் மருத்துவர் அல்ல, அரசு அலுவலர். அவர் 1830-ல் வருணித்த கோமாளி மீன் இன்றும் கிளார்க் என்பவரின் பெயரில் அழைக்கப்படுகிறது. இவர்கள் வரைந்தது துறைமுகங்களின் வரைபடம் என்பது என் எண்ணம். ஆள் போன இடத்தில் மீன் இருந்தது. ஆள் போகாத இடம் காலியாகத் தெரிந்தது.

1947-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. விரைவிலேயே அதன் தலைமையிடம் மண்டபத்துக்கு வந்தது. பவளப்பாறையின் வாசலிலேயே ஆய்வாளர்கள் உட்கார்ந்தார்கள். பதிவுகள் சேரச் சேர, காலியாகத் தெரிந்த இடங்களில் சில உண்மையிலேயே காலி என்பதும் தெரிந்தது.

காரணம் முட்டையில் இருக்கிறது. கடல் மீன்களில் பெரும்பாலானவை முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். டேம்சல் அப்படியல்ல. கல்லையோ செத்த பவளத்தையோ வாயால் சுத்தம் செய்து அதில் முட்டையை ஒட்டவைக்கும். ஆண் மீன் காவல் நிற்கும். கிட்டே வந்தால் முக்குளிப்பவரின் விரலைக்கூடக் கொத்தும். பொரித்த குஞ்சு சில நாட்களோ சில வாரங்களோ நீரோட்டத்தில் மிதக்கும். அதற்குள் ஒதுங்க ஒரு கல் கிடைக்கவேண்டும். நம் சோழமண்டலக் கரையோ பெரும்பாலும் மணல். வடக்கே கோதாவரி, கிருஷ்ணா தொடங்கி கங்கை வரை ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீரிலும் வண்டலிலும் பவளம் வளராது. தெற்கே ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளம். மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் பாறைத்திட்டுகளும் அந்தக் கடலில் உண்டு. அங்கே குஞ்சுக்கு இடப்பஞ்சம் இல்லை.

ஆனால் இந்த விதிக்குச் சவால்விடும் மீன் ஒன்று உண்டு. சேபே கோமாளி. பிளீக்கர் என்ற டச்சு ராணுவ மருத்துவர் (மறுபடியும் மருத்துவர்!) 1853-ல் ஜாவாவிலிருந்து இதை வருணித்தார். இது குடியிருப்பது கம்பளம்போல் விரியும் ஒரு கடல் சாமந்தியில். அந்தச் சாமந்தி பவளத்தை நம்பி வாழ்வதல்ல. மணலில் காலைப் புதைத்துக்கொண்டு வளரும், பயந்தால் மணலுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பவளம் குறைந்த மணல் தரையிலும் இந்தக் கோமாளியால் பிழைக்க முடிகிறது. மன்னார் வளைகுடாவில் இது நம் சொந்த ஊர்க்காரர். சினிமாவில் வந்த நீமோவை ராமேசுவரத்தில் தேடாதீர்கள். அந்த ஜாதி இந்தியாவில் அந்தமான், நிக்கோபார் பக்கம். லட்சத்தீவு, மாலத்தீவுக்கு வேறொரு கோமாளி. அட்லாண்டிக்கில் கோமாளியே கிடையாது.

மன்னார் வளைகுடாவிலும் எல்லாம் அப்படியே இல்லை. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 1986-ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் அது உடனே நிற்கவில்லை. 1998, 2010, 2016-ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. கிளைவிட்ட பவளத்துக்குள் ஒளிந்து வாழும் சிறு டேம்சல்களுக்குக் கிளை போனால் வீடு போனது. கல்லில் படரும் பாசியை மேயும் முரட்டு இனங்களோ செத்த பவளத்திலும் சமாளிக்கும். ஆகவே இடத்தின் பெயர் மாறாமலேயே அங்கிருக்கும் மீன்களின் பட்டியல் மாறலாம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று நடக்கிறது. 1875-ல் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகம் தொடங்கி, கல்பாக்கம் வரை அலைதடுப்பு, தூண்டில் வளைவு, மீன்பிடித் துறைமுகம் என்று கல்லாகக் கடலில் கொட்டிவருகிறோம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றியும் பாறைகள் கிடக்கின்றன. கடலரிப்புக்கு இது நல்ல மருந்தா என்பது தனி வழக்கு, எனக்குச் சந்தேகம்தான். டேம்சல் குஞ்சுக்கு அந்த வழக்கெல்லாம் தெரியாது, அதற்குக் கல் கிடைத்தால் போதும். இந்துமாக்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் மட்டுமே வாழ்ந்த ஒரு டேம்சல், 2013-ல் மெக்சிகோ வளைகுடாவில் தென்பட்டது. கடலில் இழுத்துச் செல்லப்படும் எண்ணெய்த் துரப்பண மேடைகளோடு போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அடுத்த முறை கோவளம் குப்பத்தில் வலை உதறும்போது நின்று பாருங்கள். வரிபோட்ட உள்ளங்கை மீன் கண்ணில் பட்டால், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கிடைத்தது என்று அந்த அண்ணனிடம் கேட்டு எழுதிவையுங்கள்.