வட்டிக்கு ரசீது இல்லை



அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்த கூலியில் என் அம்மா என்னைப் படிக்க வைத்தார். முனைவர் பட்ட ஆய்வில் என் முதல் கட்டுரை டெல்லிக் கருத்தரங்கு ஒன்றுக்குத் தேர்வானது. பயணப்படி கேட்டேன். "முதலில் நீங்க செலவு பண்ணுங்க, ரசீது கொடுத்தா பிறகு தருவோம்" என்றார்கள். ரயில் கட்டணம், பதிவுக் கட்டணம், அறை வாடகை எல்லாம் வட்டிக்கு வாங்கினேன். எட்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. வட்டிக்கு ரசீது ஏது?

1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது மாணவர் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த மாத உதவித்தொகைதான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. செலவழித்துவிட்டு வா என்றிருந்தால் அவர் கப்பலேறியிருக்க முடியுமா?

2022இல் ஒன்றிய அரசு, பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையிலிருந்து இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளை நீக்கியது. அந்த விதிப்படி அம்பேத்கரின் தலைப்புக்கே இடமில்லை.

பணம் உள்ளவர் மட்டும் பேசும் அரங்கில், நம்மைப் பற்றி மற்றவர்கள்தான் பேசுவார்கள். ஆகவே நம் கோரிக்கை ஒன்றுதான்: பயணப்படியை முன்பணமாகக் கொடு!