நோயை மறைக்க வைப்பது யார்?

(எளாவூரில் நடைபெற்ற கால்நடை வளர்ப்போர் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் நமது விவசாயிகள் சங்கத்தின் ஒன்றியப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர முடியாதவர்களுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! மாடும் ஆடும் கோழியும் வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்களே! சிப்காட் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே!

சாயங்காலப் பால் கறந்து ஊற்றிவிட்டு வரட்டும் என்றுதான் கூட்டத்தை ஏழு மணிக்கு மேல் வைத்தோம். விடியற்காலை மறுபடியும் எழுந்திருக்கணும். அதனால் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம்ம ஊர் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கே தெரியும். சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் வாசற்படி இது. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரா வந்துவிடும். ராத்திரி பகலாக லாரி ஓடுது. இரும்பு போகுது, அரிசி போகுது. கோழி வண்டியும் மாட்டு வண்டியும் அதே ரோட்டில்தான் போகுது. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களில் வந்தது. ரெண்டு தடவையும் எல்லைச் சாவடிகளில் கண்காணிப்பு தீவிரம், வண்டிகளுக்கு மருந்து தெளிப்பு என்று செய்தி வந்தது.

மருந்து தெளிக்கட்டும், நல்லதுதான். அது வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. ஆனால் சாவடியை மட்டும் நம்பினால் போதுமா? கோமாரி தொற்றிய மாடு ரெண்டு நாளிலிருந்து பதினாலு நாள் வரை பார்ப்பதற்கு நல்லாத்தான் இருக்கும். எந்த அதிகாரி லாரியில் ஏறிப் பார்த்தாலும் தெரியாது. தோல் கழலை நோயைப் பரப்புவது கடிக்கிற ஈ, கொசு, உண்ணி. அதுங்களுக்கு ஏது பர்மிட்? கோமாரிக் கிருமியோ காற்றிலும் வரும், லாரிச் சக்கரத்திலும் வரும், மாட்டு வியாபாரியின் செருப்பிலும் வரும்.

அப்படியானால் நோயை எங்கே பிடிப்பது? முதல் மாடு படுக்கிற கொட்டகையில்தான் பிடிக்கணும். அதை முதலில் பார்ப்பது டாக்டர் இல்லை, கலெக்டரும் இல்லை. பால் கறக்கப் போகிற நம்ம வீட்டு அம்மாதான். 'மாடு அசை போடலையே, வாயில் கோழை வடியுதே' என்று அவங்களுக்குத்தான் முதலில் தெரியும். அவங்க அன்றைக்கே வாய் திறந்து சொல்லணும். சொன்னால் ஒரு கொட்டகையோடு முடியும். ஒரு வாரம் மறைத்தால் ஒரு தாலுகா முழுக்கப் பரவும்.

சொல்கிறார்களா? இல்லை. ஏன் சொல்வதில்லை? இதுக்கு என் கதையையே சொல்கிறேன்.

2013-ல் தமிழ்நாடு பூரா கோமாரி அடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க வீட்டில் அப்போ ரெண்டு கறவை மாடு. ஒன்றுக்கு வாய் புண்ணாகி, குளம்பு வெடித்து எழுந்திருக்க முடியலை. டாக்டரைக் கூப்பிடப் போனேன். அவர் வேறு ஊர்ப் பொறுப்பும் பார்க்கிறவர், 'நாளைக்கு வாப்பா' என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்தால் எங்க அம்மா சொன்னாங்க: 'வெளியில சொல்லாதடா, நம்ம பாலை ஒருத்தரும் வாங்க மாட்டாங்க.' மூணாம் நாள் அந்த மாடு செத்துப் போச்சு. நாலாம் நாள் தரகர் வந்தார். இன்னொரு மாடு அன்றைக்கு நின்றுகொண்டுதான் இருந்தது. அதுக்கும் தொற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பாதி விலைக்குப் பிடித்துக் கொடுத்தேன்.

அது எந்தச் சந்தைக்குப் போச்சோ, எத்தனை வீட்டுக் கொட்டகையில் நோயை இறக்கிவிட்டதோ, எனக்குத் தெரியாது. மைக் முன்னாடி இதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இதே காரியத்தைச் செய்தவர்கள் இன்னும் பல பேர் இருப்பீர்கள். யாரும் கை தூக்க வேண்டாம்.

நாம் கெட்டவர்களா? இல்லை. மாட்டுக் கடன் பாக்கி நின்றது. செத்த மாட்டுக்கு ஒரு பைசா வராது என்று தெரிந்தது. அதனால்தான் செய்தோம்.

சட்டம் என்ன சொல்லுது? 2009-ல் நாடாளுமன்றத்தில் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். நோய் அறிகுறி கண்டால் உரிமையாளர் உடனே ஊர் அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ சொல்லணும். நோய்ப்பட்ட மாட்டைத் தனியாகக் கட்டணும். கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்துவிட்டால் மாட்டை வெளியே ஓட்டக் கூடாது, சந்தையும் கூடக் கூடாது. மீறினால் அபராதம். சட்டம் சரிதான், நாங்களும் ஒத்துக்கொள்கிறோம். சொல்லாதவனுக்கு அபராதம் என்று எழுதத் தெரிந்ததே, நோயைச் சொல்லிவிட்டு மாட்டையும் இழந்து நிற்பவனுக்கு என்ன வழி?

2022-ல் மத்திய அரசு வெளியிட்ட பேரிடர் நிவாரண விதியை எடுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய். உழவு மாட்டுக்கு 32,000. ஆட்டுக்கு 4,000. எதெது பேரிடர் என்று ஒரு பட்டியலும் உண்டு. புயல், வெள்ளம், வறட்சி, தீ, நிலநடுக்கம், சுனாமி என்று போகுது. பயிரை அழிக்கிற பூச்சித் தாக்குதல்கூட அதில் இருக்கு. மாட்டு நோய் மட்டும் இல்லை! கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து செத்தால் பேரிடர், கிருமி புகுந்து செத்தால் நம்ம தலையெழுத்தா?

'காப்பீடு இருக்கிறதே' என்பார்கள். இருக்கு, மானியமும் இருக்கு. எடுக்காதவர்கள் எடுங்கள். ஆனால் காது வில்லை விழுந்துவிட்டால் பணம் இல்லை, தவணை ஒரு நாள் தாண்டினால் பணம் இல்லை. ரெண்டு ஆடு வைத்திருக்கிற கூலிக்காரப் பெண்ணுக்கு அந்தத் தாளை யார் எழுதிக் கொடுப்பது?

அரசாங்கத்தால் முடியாதா? முடியும். தோல் கழலை நோய் 2019-ல் ஒடிசாவில் தலைகாட்டியது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரா என்று பரவி, அந்த ஒரே வருஷத்தில் நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கு மேல் மாடுகளைக் கொன்றது. அப்போது மகாராஷ்டிரா அரசு கறவை மாட்டுக்கு 30,000, எருதுக்கு 25,000, கன்றுக்கு 16,000 என்று அறிவித்தது. கர்நாடகாவில் பசுவுக்கு 20,000, எருதுக்கு 30,000. ராஜஸ்தானில் 2023-ல் பசு ஒன்றுக்கு 40,000 கொடுத்தார்கள். ஆனால் இதெல்லாம் சாவு விழுந்த பிறகு, சத்தம் போட்ட பிறகு வந்த அறிவிப்பு. முன்கூட்டியே சட்டமாக இருந்திருந்தால் முதல் மாடு படுத்த அன்றைக்கே விவசாயி தைரியமாகச் சொல்லியிருப்பான்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். 2001-ல் அங்கே கோமாரி வந்தது. வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில் நோய் இருந்தது, பண்ணைக்காரர் சொல்லவில்லை. பக்கத்து ஆடுகளுக்குத் தொற்றி, அந்த ஆடுகள் சந்தை சந்தையாகப் போய்விட்டன. தெற்கே ஒரு இறைச்சிக் கூடத்தில் கண்டுபிடிப்பதற்குள் நாடு பூரா பரவிவிட்டது. அறுபது லட்சத்துக்கு மேல் ஆடு மாடுகளைக் கொன்று போட்டார்கள். பொதுத் தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். அரசு கொன்ற கால்நடைகளுக்கு விலை கொடுத்த வகையில் மட்டும் நூறு கோடி பவுனுக்கு மேல் செலவு. பணக்கார நாட்டுக்கே அந்தக் கதி.

ஒழிக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கு. பெரியவர்களுக்கு வெக்கை நோய் ஞாபகம் இருக்கும். வந்தால் ஊர் மந்தையே காலி. இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1995-ல், நம்ம தமிழ்நாட்டில்தான். பல வருஷம் ஊர் ஊராக ஊசி போட்டார்கள். அப்புறம் நோய் எங்காவது மிச்சம் இருக்கா என்று வீடு வீடாகத் தேடினார்கள். 2006-ல் இந்தியாவில் வெக்கை இல்லை என்று உலக அமைப்பு ஒத்துக்கொண்டது. 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மனுஷனுக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகை விட்டே ஒழித்த நோய் அது ஒன்றுதான். ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய தடுப்பு மருந்து நிலையம் இன்றைக்கும் நம்ம மாநிலத்துக்கு ஊசி மருந்து தயாரிக்குது. அறிவும் இருக்கு, ஆளும் இருக்கு. மனசுதான் வேணும்.

2019-ல் கோமாரியையும் கன்று வீச்சு நோயையும் ஒழிப்பதாகச் சொல்லி, ஐந்து வருஷத்துக்கு 13,343 கோடி ரூபாயில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்பது கணக்கு. ஊசி தேதி தவறினால் காப்பும் போச்சு. முகாம் என்றைக்கு என்று தண்டோரா போட்டால்தானே மேய்ச்சலுக்கு ஓட்டாமல் கட்டி வைக்க முடியும்?

தோழர்களே! அரசைக் கேட்பதற்கு முன்னால் நம் வேலையை நாம் செய்யணும். இன்றைக்கு இங்கே முடிவு எடுப்போம்.

மாட்டுக்கு வாயில் கோழை, குளம்பில் புண், தோலில் கட்டி, ஆட்டுக்கு மூக்கொழுகலும் கழிச்சலும், கோழிகள் கும்பலாகச் சாவது, எதைப் பார்த்தாலும் அன்றைக்கே 1962-க்குப் போன் போடுவோம். சங்கக் கிளைக்கும் சொல்வோம். நோய்ப்பட்ட மாட்டைத் தனியே கட்டுவோம். தரகர் கையில் கொடுக்க மாட்டோம், சந்தைக்கு ஓட்ட மாட்டோம். செத்ததை ஏரியிலோ கால்வாயிலோ தள்ள மாட்டோம். ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைப்போம். ஊசி போட்டால் பால் குறையும் என்று ஒளிந்துகொள்ள மாட்டோம். ரெண்டு மூணு நாள் குறையலாம், திரும்ப வந்துவிடும். செத்த மாடு திரும்ப வராது. நோய் சொன்ன வீட்டை ஊர் ஒதுக்கக் கூடாது. அந்த வீட்டுக்குத் தீவனத்துக்கும் செலவுக்கும் கிளை துணை நிற்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு அரசைக் கேட்கிறோம்:

1. தொற்றுநோயில் சாகும் கால்நடைக்கு வெள்ள நிவாரணத்துக்குக் குறையாத இழப்பீட்டைச் சட்டமாக்கு! நோயை முதலில் தெரிவிப்பவருக்கு முப்பது நாளுக்குள் பணம் கொடு!

2. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசியைத் தேதி தவறாமல் போடு! ஒரு வாரம் முன்பே ஊராட்சியில் அறிவிப்பு செய்!

3. கால்நடை மருத்துவர், ஆய்வாளர் பணியிடம் எதையும் காலியாக விடாதே! ஒரே மருத்துவர் தலையில் பல ஊரைக் கட்டாதே!

4. எளாவூர் சாவடியில் வருஷம் முழுவதும் கால்நடை மருத்துவக் குழு வை! சந்தேகப்படும் மாடுகளை இறக்கிக் கட்ட கொட்டகை, தண்ணீர், தீவனம் ஏற்பாடு செய்!

5. செத்த கால்நடையைப் புதைக்கும் இடத்தையும் செலவையும் ஊராட்சி மூலம் கொடு!

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலகம் முன்னால் ஆர்ப்பாட்டம். காலைப் பாலை ஊற்றிவிட்டு வாங்க. ஆம்பளைங்க மட்டும் வந்தால் போதாது. மாட்டை வளர்ப்பது நம்ம தாய்மார்கள், அவங்க முன்வரிசையில் நிற்கணும். காது வில்லை எண்ணும் தடுப்பூசி அட்டையும் கையோடு எடுத்துட்டு வாங்க. எந்த வீட்டுக்கு எப்போ ஊசி வந்தது, எப்போ வரலை என்று எழுதி மனுவோடு சேர்த்துக் கொடுப்போம்.

2013-ல் நான் வாயை மூடிக்கொண்டேன். என் மகளும் இப்போ ஒரு மாடு வைத்திருக்கிறாள். அவள் வாயை மூட வேண்டிய நிலைமை வரக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் போராட்டம்.

நோயை மறைக்க மாட்டோம்! இழப்பீட்டை விட மாட்டோம்!

திங்கட்கிழமை கும்மிடிப்பூண்டியில் கூடுவோம்!