கல்லு வைக்குமுன் காகிதம்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)

 

நாங்கள் லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள். வேலை தேடிக் கொழும்புக்குப் போய், இப்போது கொலன்னாவையில் ஒரு சின்ன வீட்டில் குடியிருக்கிறோம். அந்த வீட்டைத் திருத்தப் போய் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வந்தோம். தோட்டங்களிலும் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன. தனி வீடு வந்தால், இன்னொரு அறை கட்டுவோம், குசினியைப் பெரிசாக்குவோம் என்று ஆசை வரும். ஆகவே இது உங்களுக்கும் உரிய கதைதான்.

மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தோம். பின்பக்கம் ஒரு அறை வேணும். சேமலாப நிதிக் காசும் கையில் இருந்தது. தெரிந்த மேசன் பாஸ், "பிளான் எதற்கு? உங்க காணி, உங்க காசு" என்றார். நாங்களும் தலையாட்டினோம். சுவர் கூரை மட்டத்துக்கு வந்த நேரம், வேலையை நிறுத்தும்படி நோட்டீஸ் வந்தது. எல்லையோடு ஒட்டிச் சுவர் எழுப்பியிருந்தோம். காற்றும் வெளிச்சமும் வரப் பின்னால் வெற்றிடம் விடவேண்டும் என்பது சட்டம். மீறினால் நீதவான் நீதிமன்றக் கட்டளையோடு இடிக்கவும் வழியுண்டு. கடைசியில் அந்தச் சுவரை எங்கள் கையாலேயே இடித்தோம். குற்றம் சபையுடையதல்ல, கேட்காமல் கட்டிய எங்களுடையதுதான்.

பிறகுதான் ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மாவிடம் போனோம். அவர் அளவு நாடாவை எடுக்குமுன் மூன்று கேள்வி கேட்டார். "உறுதி எங்கே?" "யார் எங்கே படுப்பது, எங்கே சமைப்பது?" "2016 மே வெள்ளத்தில் தண்ணீர் எது வரை வந்தது?" அந்த வருசம் களனி கங்கை பெருகி, கொலன்னாவையில் நிறைய வீடுகள் தண்ணீருக்குள் நின்றன. எங்கள் ஜன்னல் அடியில் இருந்த கறையைக் காட்டினோம். அவர் புது அறையை மேல்மாடியில் வைத்தார். கரண்ட் சுவிட்சுகளைக் கறைக்கு மேலே ஏற்றினார். பாஸ் ஒருநாளும் இதையெல்லாம் கேட்கவில்லை.

கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா என்ற பேர்போன கட்டடக் கலைஞரும் அப்படித்தான். 1950களில் வட்டபுளுவ வீட்டுத் திட்டத்தை வரைந்தபோது, குடிவரப் போகும் குடும்பங்களையே விசாரித்து, அவரவர் வாழ்க்கைக்கு ஏற்ப வீடு அமைத்தார்.

சபை அனுமதி புதுசாக வந்த தொல்லையல்ல. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இல் வந்தது. உறுதிப் பிரதி, நில அளவைப் படம், வீட்டுப் பிளான், விண்ணப்பம், கட்டணம் ஆகியவற்றைச் சபையில் கொடுக்கவேண்டும். அதிகாரிகள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள். அனுமதி கிடைத்தபின் பிளானில் உள்ளபடியே கட்டவேண்டும். வேலை முடிந்ததும் சீ.ஓ.சீ. என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு வீட்டை விற்க, பாங்கில் கடன் எடுக்க அது உதவும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. காணிக்கு உறுதி இல்லாவிட்டால், அதற்கான வழியை முதலில் தோட்டக் காரியாலயத்திலும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரியுங்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, சபைகள் தோட்டங்களுக்கும் வேலை செய்ய வழி பிறந்திருக்கிறது. ஆகவே சபைக்குப் போகத் தயங்கவேண்டாம். மலைச்சரிவில் மண்ணை வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கட்டாயம் கேளுங்கள். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கலாமா?

ஆர்க்கிடெக்டுக்குக் கொடுக்க எல்லோரிடமும் காசு இருக்காது. சின்ன வீட்டுக்கு யார் வரைந்த பிளானை ஏற்பார்கள் என்று சபையிலேயே கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை. கேட்காததற்கு நாங்கள் ஒரு சுவரைக் கொடுத்தோம். உங்கள் வியர்வைக் காசு அப்படிப் போகவேண்டாம்.