மாடிக் கதவையும் பாருங்கள்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் கட்டப்போகிறவர்களும் இன்று கொஞ்சம் காது கொடுங்கள். வெளிக்கதவுகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

வெளிக்கதவு என்றதும் எல்லோருக்கும் தலைவாசல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் வெயிலும் மழையும் தொடுகிற கதவுகள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று புறவாசல், மற்றது மொட்டைமாடிக் கதவு. தலைவாசலுக்கு முன்னால் போர்டிகோ இருக்கும். அது நனைவதே அபூர்வம். பணமெல்லாம் அதற்குத்தான் போகிறது. தேக்கில் கஜலட்சுமி செதுக்கி, வார்னிஷ் பளபளக்கும். வருஷம் முழுக்க அடி வாங்குகிற மாடிக் கதவுக்கோ, கையில் காசு தீர்ந்த பிறகு, மலிவாக ஒரு பிளஷ் கதவு. இரண்டு ஐப்பசி தாண்டுவதற்குள் அதன் அடிப்பாகம் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

மரம் வாங்குவதில் முதல் தவறு காலத்தில்தான் நடக்கிறது. கதவு கடைசியில் வருகிறது. நிலை முதலிலேயே வந்துவிடுகிறது. சுவர் எழும்பும்போது நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து நிலையை நிறுத்துகிறோம். அந்த நாளுக்கு முந்தின வாரம் மரக்கடைக்கு ஓடினால் ஈரம் காயாத மரம்தான் கிடைக்கும். அது சுவருக்குள் நின்றுகொண்டே காயும், காயும்போது முறுக்கும். அதனால் கடைக்கால் தோண்டும்போதே மரத்தை வாங்கி அறுத்துவிடுங்கள். வெயில் படாத இடத்தில், ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவே ரீப்பர் கொடுத்து, காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். நம் பக்கத்து ஆனி, ஆடிக் காற்று வேறு எதற்குப் பயன்படுகிறதோ இல்லையோ, மரம் காய வைப்பதற்கு நல்லது.

எங்கே வாங்குவது? நமக்கு இரண்டு திசை உண்டு. மேற்கே செங்கோட்டை. ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளத்து மரம் இறங்குகிற வழி அது. 1904-இலேயே கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து ரயில் வந்த ஊர். கிழக்கே தூத்துக்குடி. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் தடி வருகிறது. எந்தக் கடைக்குப் போனாலும் 'பர்மா தேக்கு' என்று ஒரு குரல் கேட்கும். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் தேதியோடு உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆகவே யாராவது இன்று ஒரு முழுத் தடியைக் காட்டி, புதிதாக வந்த பர்மா மரம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஊர்ப் பெயரைவிட வைரம் முக்கியம். அறுத்த சட்டத்தின் தலைப்பகுதியைப் பாருங்கள். நடுவே அடர்ந்த நிறம் வைரம்; ஓரத்தில் வெளிறிய பகுதி வெள்ளை. வளராத தேக்கில் வெள்ளைதான் அதிகம். கறையான் முதலில் அங்கேதான் வாய் வைக்கும். புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இட்டுக்கொள்கிற ஊர் நம்முடையது. அந்தப் புற்றைக் கட்டுவது யார் என்பதை மறந்துவிடக் கூடாது. தேக்கு என்ற பெயருள்ள வெள்ளையைவிட, வைரம் பாய்ந்த வேங்கையோ கோங்கோ வேம்போ நிலைக்கு எத்தனையோ மேல். நிலையின் முதுகு, அதாவது சுவரோடு ஒட்டுகிற பக்கம், தார் பூசாமல் நிற்கக் கூடாது.

கன அடிக் கணக்கைக் கடைக்காரர் போடட்டும் என்று விடாதீர்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் போதும். ஏழடி நிலைக்கால் இரண்டு, நாலடிச் சட்டம் மேலும் கீழும். மொத்தம் 22 அடி. ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம் என்றால் 22-ஐ 15-ஆல் பெருக்க 330 வரும். அதை 144-ஆல் வகுத்தால் சுமார் 2.3 கன அடி. கால்குலேட்டர் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. இழைத்த பிறகு சட்டம் கொஞ்சம் மெலியும். அளவு அறுத்ததற்கா, இழைத்ததற்கா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆசாரியையும் கூட்டிப்போங்கள். ஆனால் கமிஷன் பேச்சு இல்லாத ஆசாரியாக இருக்கட்டும்.

சிலருக்குக் காரைக்குடிப் பழைய கதவின் மேல் ஆசை. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் கதவுகள் நிலையோடு நிற்கின்றன. அசல் பழைய பர்மா மரம் வேண்டுமென்றால் தேட வேண்டிய இடமும் அதுதான். வாங்குவதானால் லிண்டல் போடும் முன்பே வாங்கிவிடுங்கள். அதன் உயரமும் அகலமும் இன்றைய அளவுக்கு ஒத்துவராது. கதவுக்காகச் சுவரை இடிக்கிற செலவு, கதவின் விலையைத் தொட்டுவிடும்.

கரிசல் மண்ணில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் அதற்கேற்ப இல்லையென்றால் சுவர் அசைந்து, நிலை கோணும். கார்த்திகையில் கதவு இறுகினால் உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். குற்றம் கதவில்தானா என்று முதலில் பாருங்கள்.

மாடிக் கதவுக்கு வருவோம். என்னைக் கேட்டால், அங்கே துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுக் கதவுதான் சரி. பிளஷ் கதவுதான் போடுவேன் என்றால் ஐஎஸ் 2202 முத்திரையும், தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டியது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சன்ஷேடு, வாசலில் இரண்டு அங்குல மேடு. இந்த இரண்டும் இல்லாமல் எந்தக் கதவும் நிற்காது.

கடைசியாக ஒன்று. பெயிண்டர்கள் கதவின் இரண்டு முகத்துக்கும் அடிப்பார்கள். அடிவிளிம்பைத் தொடவே மாட்டார்கள். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். இன்றைக்கே மாடிக்கு ஏறி, கதவுக்கு அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வெறும் மரம் தெரிந்தால், புரட்டாசி முடிவதற்குள் கதவைக் கழற்றி, மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் ப்ரைமரும் இரண்டு கோட் பெயிண்டும் அடித்துவிடுங்கள்.