தொங்கு தொட்டிக்கு விதையிலிருந்தே செடி

(அன்னூரில் உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



கோவை நகரில் வீட்டு முகப்புகளில், தொங்கு தொட்டியிலிருந்து பச்சைச் சரமாகத் தழைந்து விழும் ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் அஸ்பராகஸ் ஸ்ப்ரெங்கரி. தாயகம் தென்னாப்பிரிக்கா. நாம் அறிந்த தண்ணீர்விட்டான் கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. இதன் வேரிலும் நீரைச் சேமிக்கும் சிறு கிழங்குகள் உண்டு. ஆகையால் ஓரிரு நாள் தண்ணீர் தவறினாலும் வளர்ந்த செடி தாங்கும். தண்ணீரை எண்ணிச் செலவிடும் நமக்கு ஏற்ற செடி இது.

"விதைத்தேன், முளைக்கவில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் விதை பழுதில்லை, காத்திருக்காததே குறை. தக்காளி ஒரு வாரத்தில் முளைக்கும். இதற்கு 3 முதல் 6 வாரம் வேண்டும். இரண்டாம் வாரமே தட்டைக் கவிழ்த்துவிட்டால், முளைக்க இருந்த விதையும் மண்ணோடு போய்விடும்.

நன்கு சிவந்த பழங்களைப் பறித்து, நீரில் பிசைந்து, சதையைக் கழுவிக் கருப்பு விதையை எடுங்கள். செடியில் முள் உண்டு. பழச்சாறு தோலை அரிக்கும். கையுறை அணிவது நல்லது. பழம் உண்ணத் தகாதது. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

புதிய விதையை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து உடனே விதையுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவில் கலந்து தட்டில் நிரப்பி, 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றவும். தென்னைநார்க் கழிவைச் சேர்ப்பதானால் மக்கவைத்து, நீரில் அலசிச் சேர்க்கவும். தட்டை நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் மூடி, பூவாளியால் நீர் தெளியுங்கள். ஈரம் காயக்கூடாது, நீர் தேங்கவும் கூடாது. முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். கிணற்று நீர் உப்பாக இருந்தால், பிடித்து வைத்த மழைநீரை நாற்றுக்குக் கொடுங்கள்.

நாற்று 5 செ.மீ. உயர்ந்ததும் சிறு பாலிதீன் பைக்கு மாற்றவும். பையில் வேர் நிறைந்தபின், தேங்காய் நார் பரப்பிய கூடைக்கு 3 செடி வீதம் நடலாம். தென்னந்தோப்பின் அரைநிழல் போதும். சித்திரை வெயில் நேராக விழுந்தால் தழை மஞ்சளாகும். கூடைகளுக்குக் கீழே பைச்செடிகளை அடுக்கினால், மேலே வடியும் நீர் வீணாகாது.

விற்பனைக்குத் தக்க செடியாக ஏறக்குறைய ஓராண்டு ஆகும். பழைய தூரைப் பிரித்து நட்டால் விரைவில் தழைக்கும். ஆனால் ஒரு தூரில் சில செடிகளே கிடைக்கும். விதையிலோ நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். எனினும், இருக்கும் பயிரை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம். முதலில் 100 விதை போடுங்கள். செடி வாங்கும் நாற்றுப் பண்ணையாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பறவைகள் இதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் இது களையாகவே பரவிவிட்டது. வேண்டாத பழத்தை வரப்பிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள்.

விதைத்த தேதியை ஓர் அட்டையில் எழுதித் தட்டில் செருகி வையுங்கள். ஆறு வாரம் முடியும்வரை அந்தத் தட்டைக் கொட்டாதீர்கள்.