பாதரசமும் ஆற்றின் கணக்கும்

(சுற்றுச்சூழல் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆலையின் கழிவுக் குழாயை அடைத்துவிட்டால் ஆறு தானே தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. பாதரசத்தைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை பொய்த்துவிடுகிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சவுத் ரிவர் என்றொரு சிற்றாறு உள்ளது. அதன் கரையிலிருந்த செயற்கை இழை ஆலையொன்று 1929 முதல் 1950 வரை பாதரசத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. மாசு வெளிப்பட்டதோ 1970களில்தான். வெள்ளம் அதனை அடித்துச் சென்றுவிடும், புதிய வண்டல் மூடிவிடும் என்று எதிர்பார்த்தனர். பல பத்தாண்டுகள் கழிந்தும் மீன்களில் பாதரசம் குறையவில்லை. காரணம் என்ன?

இங்கேதான் கணித மாதிரி துணைக்கு வருகிறது. அது வேறொன்றுமன்று, வரவு செலவுக் கணக்கே. ஆற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேலிருந்து வரும் பாதரசம், கிளையோடைகள் தருவது, கீழே செல்வது, வண்டலில் படிவது ஆகியவற்றைக் கணக்கிடுகிறோம். வரவைவிடச் செலவு மிகுந்திருக்கும் பகுதியில் மறைந்த ஊற்றொன்று இருத்தல் வேண்டும். சவுத் ரிவரில் அந்த ஊற்று, பழைய மாசு படிந்து, பின்னர் அரிக்கப்பட்டு வந்த கரைகளே என அளவீடுகள் காட்டின. எனவே, மிகுதியாக அரிக்கப்படும் கரைகளை உறுதிப்படுத்துவது சீரமைப்பின் முக்கியப் பணியாயிற்று.

இரண்டாவது கணக்கு உயிர்களைப் பற்றியது. பிராணவாயு குறைந்த சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு உயிர்களிலிருந்து பெரிய மீன்கள்வரை படிப்படியாகச் செறிவடைகிறது. ஆகவே நீரில் பாதரசம் பாதியாகக் குறைந்தால் மீனிலும் பாதியாகும் என்று எண்ணுவதற்கில்லை.

நம் நாட்டிலும் இப்படிப்பினைக்கு இடமுண்டு. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலை, பாம்பார் சோலைக்கு மேலே, மழை மிகுந்த மலைச்சரிவில் அமைந்தது. அத்தகைய இடத்தில் மண்ணை அகற்றாவிடில் மாசு தங்கும். மரங்களை வெட்டி அகற்றினால் மண்ணரிப்பு பெருகும். எந்த அளவுக்கு, எந்த வரிசையில் அகற்றுவது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டறிதல் இன்றியமையாதது.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பாதரசம் பெரும்பாலும் வண்டலோடு ஒட்டியே பயணம் செய்கிறது. தெளிந்த நீரோட்டத்தில் மாதமொருமுறை எடுக்கும் மாதிரிநீர் உண்மையை மறைத்துவிடும். வெள்ள நாட்களிலும் அளவெடுங்கள். அளவீடு சரியில்லாத கணக்கு, எத்துணை நுட்பமாயினும், ஆற்றங்கரையில் மீனுண்டு வாழ்வோரைக் காக்காது.